நம்ம செரண்டா ஸ்டேஷன்

அன்புள்ள நண்பா,

நாங்கள் எல்லாரும் நலம். உன் மகளுக்குச் சுகப்பிரசவம் என்று கேட்டதும் வீட்டில் அன்றைக்கே பாயசம் வைத்துவிட்டார்கள். பேரனைத் தூக்கிக்கொண்டு சித்திரைக்கு ஊர்ப்பக்கம் வருவதாக எழுதியிருக்கிறாய், கண்டிப்பாக வா. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போனபிறகு அறைகள் சும்மாதான் கிடக்கின்றன, நீ வேறு எங்கும் தங்கவேண்டாம்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி கேட்டிருந்தாய், நம்ம செரண்டா ரயில் ஸ்டேஷன் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று. அந்த ஒரு வரிக்குத்தான் இந்த நீளக் கடிதம்.

இல்லை நண்பா. நமக்குத் தெரிந்த அந்தப் பலகைக் கட்டடம், உன் அப்பா விளக்குத் துடைத்த அறை, சரக்குக் கொட்டகை, தண்டவாளம் பார்க்கிற கேங்காரர்கள் குடியிருந்த லயம், எதுவும் இல்லை. ரவாங்கிலிருந்து ஈப்போவரை இரட்டைத் தண்டவாளம் போட்டு மின்கம்பி இழுத்தார்களே, அதோடு எல்லாம் போய்விட்டது. இப்போது இருப்பது நீளமான கான்கிரீட் நடைமேடை, ஏறி இறங்க மேம்பாலம், டச் அன் கோ அட்டையைத் தட்டினால் திறக்கிற கதவு. மேலே ஓடுகிற கம்பியில் 25,000 வோல்ட். நாம் மாங்காய் பறிக்க அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாண்டித் திரிந்த இடத்தில் இப்போது வேலி, அது அப்படித்தான் இருக்கவேண்டும், 140 கிலோமீட்டர் வேகத்தில் ஈடிஎஸ் என்கிற மின்சார விரைவு வண்டி நிற்காமல் போகிற பாதையில் பிள்ளைகளைத் தாண்டவிட முடியுமா?

புதிய ஸ்டேஷனைக் குறை சொல்ல நான் உட்காரவில்லை. அதனால் இந்த ஊருக்கு எவ்வளவு நன்மை என்று தினமும் பார்க்கிறேன். கொமுட்டர் என்கிற புறநகர் வண்டி 1995 ஆகஸ்ட் மாதம் ஓடத் தொடங்கியபோது ரவாங்கோடு நின்றுவிட்டது, நமக்கு எட்டவில்லை. 2007 ஏப்ரலில்தான் ரவாங்கிலிருந்து ராசாவரை ஒரு குட்டிச் சேவை விட்டார்கள், நம்மூரும் பத்தாங் காலியும் அதில் சேர்ந்தன. அப்போதுகூட ரவாங்கில் இறங்கி வண்டி மாறித்தான் கே.எல்., அதாவது கோலாலம்பூர், போகவேண்டும். 2015 டிசம்பரிலிருந்து தஞ்சோங் மாலிம் – போர்ட் கிள்ளான் என்று ஒரே தடமாக ஆக்கிவிட்டார்கள், இங்கே ஏறி உட்கார்ந்தால் நேரே கே.எல். சென்ட்ரல், அதையும் தாண்டி கிள்ளான். என் மருமகள் அப்படித்தான் வேலைக்குப் போய் வருகிறாள். இருட்டோடு கிளம்பி இருட்டியபிறகு திரும்புகிறாள், ஆனால் நெடுஞ்சாலையில் பெட்ரோலையும் டோலையும் கொட்டிக்கொண்டு நிற்பதற்கு இது எவ்வளவோ மேல் என்கிறாள். எனக்கும் உனக்கும் வயதுக்குப் பாதிக் கட்டணம், அது வேறு. தைப்பூசத்துக்கு நானும் அவளும் இதே வண்டியில் போய் புத்ராவில் இறங்கி பத்துமலை வண்டிக்கு மாறினோம். இரவு முழுக்க வண்டி ஓடியது, பெட்டியெல்லாம் பால்குடமும் மஞ்சள் சேலையும்தான்.

என் ஆற்றாமை வேறு. போன மாதம் ஸ்டேஷனுக்கு எதிரே தே குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் ஒரு தம்பி, நம் பிள்ளைதான், கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன், செரண்டாவுக்கு ரயில் வந்ததே 2007இல்தான் என்று கூட இருந்தவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மேல் குற்றம் இல்லை. அவன் பாட்டி ஏறி இறங்கிய ஸ்டேஷன் இது என்று அவனுக்கு யார் சொன்னது? சுவரில் ஒரு படம் உண்டா, ஒரு பலகை உண்டா?

அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன், இதில் கொஞ்சம் உனக்கே தெரிந்திருக்கும், கொஞ்சம் நான் இப்போது படித்துத் தெரிந்துகொண்டது.

மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை. அந்தப் பாதையை வெட்டிப் போட இலங்கையிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடம் கே.எல்.லிலிருந்து கிள்ளான் ஆற்றோரம் புக்கிட் கூடாவரை. அப்புறம் வடக்கே திரும்பியது. 1892இல் ரவாங், 1894இல் கோலகுபு. நடுவிலே நாம். அதாவது நம்மூரில் தண்டவாளம் விழுந்து 130 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கே.எல்.லில் ஹப்பக் என்ற கட்டடக்கலைஞர் கட்டிய அந்த வெள்ளை ஸ்டேஷன் இருக்கிறதே, குவிமாடமும் வளைவுமாக, எல்லாரும் முன்னால் நின்று படம் எடுக்கிறார்களே, அது 1910. அதற்கும் முன்னாலேயே நம்மூர் வழியாக வண்டி ஓடியிருக்கிறது.

அப்போது கித்தா, அதாவது ரப்பர், கிடையாது. ஈயத்துக்காகத்தான் இந்தப் பாதை. ரவாங்கைச் சுற்றி எல்லாம் ஈய லம்பம், அதாவது ஈயச் சுரங்கம். அதில் சீன முதலாளி லோக் யூவுக்கும் நம் தம்புசாமி பிள்ளைக்கும் பங்கு இருந்தது, 1894 வாக்கில் அவர்கள் இருவரும் ரவாங் சுரங்கத்தில் மின்சார ஜெனரேட்டர் வைத்து வேலை நடத்தினார்கள், மலாயாவில் மின்சாரம் முதலில் புழங்கியதே அங்கேதான் என்கிறார்கள். பத்துமலையில் முருகனுக்குக் கோயில் எழுப்பக் காரணமாக இருந்தவரும் இதே பிள்ளைதான். பத்துமலைத் தைப்பூசத்தை 1892இலிருந்து கணக்கு வைக்கிறார்கள், ரவாங்குக்கு ரயில் வந்ததும் அதே வருடம். இதைச் சொன்னதும் அந்தத் தம்பி கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கித்தா பின்னால் வந்தது. தண்டவாளம் ஓடுகிற இடத்தைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் காட்டை அழித்தான், சரக்கை ஏற்றி இறக்க வசதி என்று. ஆக, தோட்டம் இங்கே வந்ததற்கு ரயில் காரணம், நாம் இங்கே வந்ததற்குத் தோட்டம் காரணம். கங்காணி கூட்டிவந்த சனம் கப்பலை விட்டுப் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ (இன்றைய போர்ட் கிள்ளான்) இறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் கிடந்து, வெளியே வந்ததும் ரயில். என் பாட்டி ரஜூலா கப்பலைப் பற்றிச் சொன்னதைவிட இறங்கியபிறகு ஏறிய அந்த ரயிலைப் பற்றித்தான் அதிகம் சொல்வார். ஜன்னலுக்கு வெளியே ஒரு வீடு, ஒரு மனுசர் கண்ணில் படவில்லையாம், மரம், மரம், மரம்தானாம். எங்கே இறங்கப் போகிறோம் என்று கங்காணியைக் கேட்க ஆளாளுக்குப் பயம். கடைசியில் இங்கே இறங்கி, மாட்டுவண்டியில் மூட்டையைப் போட்டுவிட்டு, நாலு கட்டை, அதாவது நாலு மைல், நடந்தே தோட்டத்துக்குப் போயிருக்கிறார்கள்.

நம் காலத்துக்கு வருகிறேன். தோட்டத்து ஆட்களுக்கு உலகத்தின் வாசல் இந்த ஸ்டேஷன்தான் என்று உனக்குத் தெரியும். சம்பளநாள் மறுநாள் நடைமேடை எப்படி இருக்கும்! பெரியவர்கள் கே.எல்.லுக்குத் துணி எடுக்க, பொண்ணு பார்க்கப் போகிறவர்கள் தட்டும் தாம்பாளமுமாக, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் போர்வையோடு. சரக்குக் கொட்டகையில் புகை போட்ட கித்தா சீட்டுகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும், அந்த வாடை பள்ளிச் சட்டையில் ஏறிவிடும். டிக்கெட் தடித்த அட்டை, பெட்டிக்கடைத் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஸ்டேஷன் மாஸ்டர் அதை அந்த இரும்புக் கருவியில் சொருகித் தேதி குத்துகிற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

இதையெல்லாம்விட உன் அப்பாவைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். மெயில் வண்டி நம்மூரில் நிற்காது. ஒற்றைத் தண்டவாளம், எதிர்வண்டி வந்தால் மோதல். அதற்காக டோக்கன். அடுத்த ஸ்டேஷனிலும் நம் ஸ்டேஷனிலும் ஒவ்வொரு பெட்டி, இரண்டுக்கும் கம்பி இணைப்பு. ஒரு டோக்கனை வெளியே எடுத்துவிட்டால் அது திரும்ப உள்ளே போகும்வரை இரண்டு பெட்டியில் எதுவும் இன்னொன்றைக் கொடுக்காது. அந்த டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை நகர்த்தக்கூடாது. நிற்காத வண்டிக்கு அதை எப்படிக் கொடுப்பது? உன் அப்பா நடைமேடை ஓரத்தில் காலை அகட்டி வைத்து நிற்பார். கையில் பெரிய வளையம், அதன் அடியில் தோல்பை, பைக்குள் டோக்கன். வளையத்தை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டு அசையமாட்டார். இஞ்சினில் ஆள் வெளியே சாய்ந்து, முதலில் பழைய வளையத்தைக் கீழே எறிவான், அடுத்த நொடி முழங்கையை வளைத்து உன் அப்பா கையில் இருக்கிற வளையத்துக்குள் நுழைப்பான், சட்டென்று அது அவன் தோளுக்குப் போய்விடும். உன் அப்பாவின் கை வெறுமையாக மேலேயே நிற்கும், கடைசிப் பெட்டி தாண்டுகிறவரை இறக்கமாட்டார். மழையிலும் அதேதான். இரவில் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அதேதான். எறிந்த வளையம் செம்மண்ணில் உருண்டு ஓடும், எடுத்துவர நாம் பாய்வோம், 'பையைத் தொடாதே, வளையத்தை மட்டும் பிடி' என்று கத்துவார். ஒருமுறைகூட அவர் கை தவறி நான் பார்த்ததில்லை. எத்தனை ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டே நம்மூரைத் தாண்டிப் பத்திரமாகப் போயிருப்பார்கள்!

உன் அப்பா ஒருவர் மட்டுமா. விடிவதற்கு முன் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சிலிப்பர் கட்டையாகப் பார்த்துக்கொண்டு நடந்த கேங்காரர்கள், சல்லி அள்ளிப் போட்ட அவர்கள் வீட்டுப் பெண்கள், டிக்கெட் கொடுத்த யாழ்ப்பாணத்துக் கிராணி, செந்தூல் பட்டறையில் இஞ்சினைப் பிரித்து மாட்டிய மாமன் மச்சான்கள். அந்தச் செந்தூல் பட்டறைமேல் 1945இல் குண்டு போட்டார்களே, அப்போதும் உள்ளே இருந்தது நம் ஆட்கள்தான். இந்த நாட்டு ரயிலைத் தமிழன் கையை எடுத்துவிட்டுப் பேசமுடியாது. புத்தகங்களில் பெரும்பாலும் எஞ்சினியர் பெயரும் கவர்னர் பெயரும்தான் வருகின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதத்தான் இரண்டு மூன்று முறை பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். என் அப்பாவின் சின்னையா, நீ படத்தில் பார்த்திருப்பாய், எங்கள் வீட்டுச் சாமி அலமாரிக்கு மேலே மாட்டியிருந்ததே. 1943இல் ஜப்பான்காரன் தோட்டத்துக்கு வந்து காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் ஆள் பிரித்தான். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், அரிசி உண்டு, திரும்பி வந்துவிடலாம் என்றார்களாம். இதே ஸ்டேஷன்தான், நண்பா. இதே நடைமேடையில்தான் சரக்குப் பெட்டியில் ஏற்றினார்கள். இரும்புப் பெட்டி, பகலில் கொதிக்கும், இரவில் குளிரும், உட்காரக்கூட இடம் இல்லாமல் நாள்கணக்காகப் போய் சயாமில் பான்போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடக்கவிட்டார்கள். அங்கேயிருந்து பர்மாவில் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில்பாதை, அந்த வருடம் அக்டோபரில் முடித்தார்கள். மழைக்காலத்தில் காலரா வந்தது. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளோடு அவர்களுடைய டாக்டர்கள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் இருந்தது, அதனால் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள் என்று கணக்குச் சொல்லமுடிகிறது. காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. தோட்டத்திலிருந்து போன நம் சனம் பல்லாயிரக்கணக்கில் செத்தது, அவர்களுக்கு அப்படிக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. சின்னையா திரும்பி வரவில்லை. சண்டை முடிந்தபிறகு என் பாட்டி பல மாதம் வடக்கே இருந்து வருகிற வண்டிக்கெல்லாம் ஸ்டேஷனுக்குப் போய் நின்றிருக்கிறார். அப்பா எனக்கு இதை அவர் சாகிற வருடம்தான் சொன்னார்.

அப்புறம் 1969. அது நமக்கே தெரியும், நாம் பார்த்தோம். குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தது. நம் வகுப்பிலிருந்தே நாலைந்து பிள்ளைகள் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பினார்கள். தகரப் பெட்டி, சுருட்டிய பாய், தையல் மெஷின், எல்லாம் நடைமேடையில். பிறந்து வளர்ந்தது இங்கே, இந்தியா எந்தத் திசை என்றுகூட அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வண்டி நகரும்போது லயமே அழுதது.

இதெல்லாம் நடந்த இடத்தில், இன்றைக்கு வண்டி ஏறுகிற ஒருவருக்கும் இது தெரியாது. கட்டடத்தை இடித்தது இடித்ததுதான், அதற்காக நான் இப்போது சண்டை போடப் போவதில்லை. கட்டடம் இல்லாவிட்டாலும் கதையாவது நிற்கவேண்டும் அல்லவா? தோட்டமும் போய்விட்டது. கித்தா செம்பனை ஆனது, செம்பனை வீடமைப்பு ஆனது, நம் சனம் பாதி புக்கிட் செந்தோசாவிலும் புக்கிட் பெருந்தோங்கிலும் மாடி வீடுகளில் இருக்கிறது. தோட்டக் கோயிலைக்கூட இடம் மாற்றிவிட்டோம். எல்லாம் இடம் மாறியும் மாறாமல் இருப்பது இந்தத் தண்டவாளம் போகிற தடம் ஒன்றுதான், அதனால் எழுதி வைப்பதென்றால் இங்கேதான் வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். ஊரில் மிச்சமிருக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்து, சொல்வதை அப்படியே எழுதி எடுக்கிறேன். ஒருவர் எண்பத்தெட்டு வயது, கேங்கில் மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக, இருந்தவர், காது கேட்கவில்லை, ஆனால் ஒவ்வொரு பாலத்துக்கும் நம்பர் சொல்கிறார். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கத்தில் பேசிவிட்டேன், சின்னப் புத்தகமாகப் போட்டு நூலகத்தில் வைக்கலாம் என்கிறார்கள். தமிழிலும் மலாயிலும் ஒரு பலகை எழுதி ஸ்டேஷன் சுவரில் மாட்ட அனுமதி கேட்டுக் கடிதமும் தயாராகிறது. மறுத்தால் மறுபடி கேட்பேன்.

உன்னிடம் எனக்கு வேண்டியது இதுதான். உன் அப்பாவைப் பற்றி எழுது. எந்த வருடம் வேலையில் சேர்ந்தார், அதற்கு முன் எங்கே இருந்தார், இரவு முறைக்குப் போகும்போது என்ன கொண்டுபோவார், அந்த டோக்கன் பெட்டி என்ன நிறம், டோக்கனில் என்ன பொறித்திருந்தது, வெள்ளத்தில் பாதை முங்கியபோது அவர் விடிய விடிய நின்ற கதையை நீ பள்ளியில் சொல்வாயே, அதை முழுசாக. அவருடைய சீருடைப் பித்தளைப் பொத்தான்களை உன் அம்மா டப்பாவில் வைத்திருந்தார், இன்னும் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு. தைப்பிங்கில் இருக்கிற உன் அக்காவுக்கு உன்னைவிட நினைவு அதிகம், அவருடைய தொலைபேசி எண்ணைக் கொடு, நானே பேசிக்கொள்கிறேன். அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு அவசரமாக இருக்கிறது.

அழகாக எழுதவேண்டும் என்று காத்திருக்காதே. நினைவு வருகிற வரிசையில் எழுது, சரி பார்த்துக் கோக்கிற வேலை என்னுடையது. தொலைபேசியில் சொல்லலாம் என்றால் அதுவும் சரிதான், ஆனால் இரவு ஒன்பதுக்கு மேல் கூப்பிடு, அப்போதுதான் பேரப்பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள்.

சித்திரைக்கு வரும்போது காரை எடுக்காதே. கே.எல். சென்ட்ரலில் தஞ்சோங் மாலிம் போகிற வண்டியா என்று பலகையைப் பார்த்துவிட்டு ஏறு. எந்த வண்டி என்று செய்தி அனுப்பினால் போதும், நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். உன் மனைவிக்கும் மகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்,
செரண்டா